டோனட் தின்ன வரும் கரடி!

பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சொல்வாங்க. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கருங்கரடிக்கோ, அந்தப் பசிதான் எமன்!

குளிர்காலத் தூக்கத்துக்காகக் கொழுப்பு சேர்க்கணுமே... அதுக்கு முந்தைய மாதங்களில் ஒரே நாளில் 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும் பார்ட்டி அது. இந்த வீக்னஸை வைத்துத்தான் அங்கே 'தீனி வேட்டை' நடக்கிறது. எப்படி?

டிரம் டிரிக்: 200 லிட்டர் டிரம்மை மரத்தோடு சங்கிலியால் கட்டி, பேக்கரியில் மிஞ்சிய டோனட், பிரெட்டை நிரப்புவார்கள். தரையில் பழைய எண்ணெய். அது கரடியின் பாதத்தில் ஒட்டி, போகிற வழியெல்லாம் மற்ற கரடிகளுக்கு அட்ரஸ் சொல்லும். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே இந்த 'மெஸ்' ஓப்பன்!

காற்று பார்: கரடிக்குக் கண்ணைவிட மூக்கு ஷார்ப். காற்று உங்க பக்கமிருந்து டிரம் பக்கம் வீசினா, அன்னிக்கு மூட்டை கட்டிடலாம். மரத்தில் 15 அடி உயரத்தில் பரண், இடுப்பில் பெல்ட், வாயில் பூட்டு. சாயங்காலம்தான் ராசியான நேரம்.

டிரம்தான் ஸ்கேல்: டிரம் உயரம் சுமார் மூன்றடி. நாலு காலில் நிற்கும்போது முதுகு அதன் விளிம்பைத் தொட்டால், பெரிசு. தலைக்குப் பொருந்தாம காது பெரிசா தெரிஞ்சா, சின்னப் பையன். விட்டுடணும்.

அவசரம் கூடாது: வந்தது தாயாக இருக்கலாம், குட்டிகள் பின்னாடியே வரும். காத்திருந்து பார்க்கணும். பக்கவாட்டில் நின்று, முன்னங்காலை முன்னே வைத்தால்தான் குறி. சந்தேகம்னா, விரலை எடுத்துடணும்.

சாக்லெட்டுக்கு நோ: 2014-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தீனி வைத்த இடத்தருகே நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. காரணம், சாக்லெட்டில் இருக்கும் தியோபுரோமின். பிறகு அங்கே சாக்லெட் தீனிக்குத் தடை வந்தது.

சரி, சாப்பாடு போட்டுச் சுடுறது நியாயமா? 'அடர்ந்த காட்டில் வேற வழியில்லை. தாயையும் குட்டியையும் அடையாளம் பார்த்து விட்டுவிட இதில்தான் நேரம் கிடைக்குது' என்பது வேட்டைக்காரர்கள் வாதம். 'விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தறுக்கறது வேட்டையா?' என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. கொலராடோ மக்கள் 1992-லும், ஆரிகன் மக்கள் 1994-லும் ஓட்டுப் போட்டுத் தடுத்துவிட்டார்கள். மெய்னில் 2004, 2014 என இரண்டு முறை ஓட்டெடுப்பு. இரண்டிலும் தடை கேட்டவர்கள் தோற்றார்கள்.

உங்க ஓட்டு எந்தப் பக்கம்? பரணில் உட்கார்ந்து யோசிக்காதீங்க... டிரம் பக்கத்தில் நின்னு யோசிச்சுப் பாருங்க!