விழுந்துடுவோமோங்கிற பயமா? காலிபரோடு மறுபடி நடக்கப் பழகுவது எப்படி?

சித்திரை வந்துட்டா வீரபாண்டி களைகட்டிடும். முல்லையாற்றங்கரையில் இருக்கும் கௌமாரியம்மன் கோயிலுக்கு அக்னிச்சட்டி ஏந்தி சுத்துப்பட்டு ஊர்ஜனமே வரும். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் நண்பர்களோடு சுற்றிய நீங்கள், இந்த வருஷம் பைக் விபத்துக்குப் பிறகு காலிபர் மாட்டிய காலோடு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் 'நடக்கலாம்'னு சொல்லிட்டார். மனசுதான், 'விழுந்துட்டா?'னு கேட்டுக்கிட்டே இருக்கு.

இது கோழைத்தனம் இல்லை. ஆனால், அப்படியே விட்டால் இந்தப் பயமே உங்களைத் தள்ளிவிடும்.

பயம் என்ன செய்யும்?

பயந்து நடக்கும்போது உடம்பு விறைத்துக்கொள்ளும். அடி சின்னதாகும். பார்வை பாதத்தை விட்டு நகராது, எதிரே இருக்கும் படி கண்ணில் படாது. 'எதுக்கு வம்பு'னு உட்கார்ந்துவிட்டால் தசைகள் இன்னும் பலவீனமாகும். அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடும்.

அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் அவர் குழுவினரும் 1990-ல் முதியவர்களுக்காக ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 'பயமா இருக்கா?' என்று அதில் கேட்கவில்லை. தினமும் செய்யும் 10 வேலைகளை விழாமல் செய்ய எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று மார்க் போடச் சொன்னார்கள்.

நீங்களும் மொபைலில் ஒரு பட்டியல் போடுங்கள். கட்டிலிலிருந்து எழுவது, பாத்ரூம் போவது, வாசற்படி இறங்குவது, டீக்கடை வரை நடப்பது, திருவிழாக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை மார்க்? நம்பிக்கை அதிகம் உள்ளதில் ஆரம்பியுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது.

எழுந்திருக்கப் பழகுங்க

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 39 வயதில் போலியோ வந்தது. இரும்புக் காலிபர் மாட்டித்தான் நின்றார். 1936 ஜூன் 27-ல் பிலடெல்பியாவில் மேடைக்குப் போகும்போது, கவிஞர் ஒருவருக்குக் கைகொடுக்கத் திரும்பினார். காலிபரின் முட்டி லாக் விட்டுப்போய் விழுந்தார். பேச்சுத் தாள்களும் சிதறின. கூட இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். லாக்கைச் சரிசெய்துகொண்டு போய்ப் பேசினார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, முட்டி லாக் உள்ள காலிபர் என்றால், எழுந்து அடி வைக்கும் முன் லாக் முழுசா விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு, விழுந்தால் எப்படி எழுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெத்தை விரித்த தரையிலிருந்து உறுதியான நாற்காலியைப் பிடித்து எழும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே பழகுங்கள். எழத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போயிடும்.

இதையும் கவனிங்க

* கைத்தடியை பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.
* படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது காலிபர் கால் முதலில்.
* காலிபரைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்கு மேல் மறையவில்லை என்றால் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து காலை மாற்றி வைத்தாலும் தடுமாறும்.
* ஈரத்தரை, சுருண்ட மிதியடி, தொளதொள செருப்பு வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பாத்து, பாத்து'னு கத்தாதீங்க, கையைப் பிடித்து இழுக்காதீங்க. பலவீனமான கால் பக்கம் ஓரடி பின்னால் நின்று, தேவைப்பட்டால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தால் போதும்.

காலிபர் வாங்க வசதி இல்லையா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்குத் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது.

திருவிழா உங்கள் பட்டியலில் கடைசியாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால், கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் காலையில் நண்பனைக் கூட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க. திரும்பி வந்ததும் மறுபடி மார்க் போடுங்க.