உங்களுக்குத் தெரியுமா? ‘கட்டு’ என்றும் ‘போதும்’ என்றும் சொல்லும் மரபணுக்கள்

எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லிலும் தசைச் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். எது எப்போது இயங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். எலும்புக்குப் பிள்ளையார் சுழி போடுவது ‘ரன்எக்ஸ்2’ என்ற மரபணு. இது நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகளுக்குக் குருத்தெலும்பு இருந்தது, எலும்பு இல்லை. மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடனே இறந்தன (1997). மனிதரில் இதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே காறை எலும்பு சரியாக வளராது. இப்படிப் பிறந்தவர்களில் சிலரால் இரு தோள்களையும் மார்புக்கு முன்னே ஒன்றையொன்று தொடவைக்க முடியும்!

ஆனால், செல் முதிர முதிர ரன்எக்ஸ்2 தணிந்தாக வேண்டும். எலிகளில் அதை அளவுக்கு மீறி இயக்கியபோது செல்கள் முதிராமல் தேங்கின. எலும்புகள் மெலிந்து முறிந்தன.

முதிர்ந்த செல்களில் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட்டுகள் ஆகின்றன. அப்போது ‘சோஸ்ட்’ மரபணு விழிக்கிறது. அது தரும் ஸ்கிளிரோஸ்டின் புரதம் எலும்பு கட்டும் வேலையை அடக்கிவைக்கிறது. இந்தத் தடை குறைந்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் உர்க் என்ற மீனவ ஊரைச் சேர்ந்த சிலருக்குத் தாடையும் மண்டையோடும் தடித்துக்கொண்டே போயின. நரம்புகள் நெரிபட்டுக் காது மந்தமானது, முகம் செயலிழந்தது. ஆராய்ந்தால், சோஸ்ட் மரபணுவில் ஒரு பழுதும் இல்லை! அதற்கு அப்பால், சுமார் 52,000 எழுத்து நீள டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் காணோம். சோஸ்டை முடுக்கும் விசை அந்தத் துண்டில்தான் இருந்தது.

இதே ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் மருந்து, எலும்புப்புரை சிகிச்சைக்காக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.