முகிலும் துணைக்கோளின் அளவீடும்

கோடையில் கொல்கத்தாவின் மீது கால்பைசாகி முகில் திரளும்போது துணைக்கோளின் அகச்சிவப்புக் கருவி தரையைக் காண்பதில்லை. முகிலுச்சியிலுள்ள பனிப்படிகங்களின் கடுங்குளிரையே பதிவு செய்கிறது. நுண்ணலை அவ்வாறன்று, மழையில்லா முகிலைப் பெரும்பாலும் ஊடுருவிவிடும். ஆயினும் முகிலின் நீர்த்துளிகள் அதில் ஒரு பகுதியை உட்கவர்ந்து, தாமும் கதிர் வீசுகின்றன. கடற்பரப்பு தன் வெப்பநிலைக்குரிய நுண்ணலைக் கதிர்வீச்சில் ஏறத்தாழப் பாதியையே வெளியிடும். ஆதலின் வங்கக் கடலின் மீது அதே முகில் வெப்பமாகத் தோன்றும். நிலத்தின் மீதோ ஏறக்குறைய மறைந்துவிடும். இதனை உணராது எண்களை அப்படியே கொள்வோர் கடலின் நிலையைத் தவறாகக் கணிப்பர்.

1979 ஜூன் 7-ஆம் நாள் செலுத்தப்பட்ட பாஸ்கராவின் ‘சமீர்’ கருவி 19.35, 22.235 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் அளந்தது. நீராவி பின்னதையே மிகுதியாகக் கவரும். ஆகவே நீராவியையும் முகில்நீரையும் பிரித்தறிய வழி பிறந்தது. 1981-இல் சென்ற இரண்டாம் பாஸ்கராவில், முகில்நீரை நன்கு காட்டும் 31.4 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தது.

இக்கணிப்புக்கு வேண்டிய காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் டம்டம்மிலிருந்து ஏவப்படும் பலூன் தருகிறது. முகிலில் எவ்வளவு நீருள்ளது என்பதைப் பலூன் கூறாது. கணிப்பின் பலவீனம் இங்கேதான். 1980-களில் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர் நுண்ணலை ரேடியோமீட்டரை வானோக்கி வைத்து அளந்தனர். அண்ணாந்து நோக்கும் கருவிக்குப் பின்னணி குளிர்ந்த விண்வெளியாதலின், நிலத்தின் மீதுள்ள முகிலும் வெப்பமாகவே புலப்படும்.