கடன் கவலையும் கணக்குத் தாளும்

அரசு அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல்களைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவன் என்ற முறையில், மாதச் சம்பளக்காரரின் கடன் கவலையை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோப்புகளைப் பிழையின்றி எழுதுவதில் பெயர் பெற்றிருந்த ஊழியர் ஒருவர், கூட்டல் கழித்தலில்கூடத் தவறத் தொடங்கினார். விடுப்புகள் மிகுந்தன, கடிதங்கள் தேங்கின. கவனக் குறைவு என்று அவருக்குக் குறிப்பாணையும் வழங்கப்பட்டது. பின்னரே உண்மை வெளிப்பட்டது. தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடனை அடைக்க மற்றொரு கடன், அதன் வட்டியைச் செலுத்த இன்னொன்று என நான்கு கடன்கள் அவரை அழுத்திக்கொண்டிருந்தன. அவருடைய மனைவியும் இதனை அறியார்.

அவருடைய கவனக் குறைவே கடனுக்குக் காரணம் என்று நாங்கள் எண்ணினோம். உண்மையில் கடன் கவலையே அவருடைய கவனத்தைக் குறைத்திருந்தது. இவ்வேறுபாட்டை உணர்வதே இச்சிக்கலைத் தீர்ப்பதன் முதற்படியாகும்.

கவலை கவரும் கவனம்

இக்கருத்துக்குத் துணை நிற்கும் ஆய்வொன்று தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர்கள் நடத்திய அந்த ஆய்வு, 2013-இல் ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. கரும்பு விவசாயிக்கு அறுவடைக்குப் பின்னரே பணம் கைக்கு வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் கடனும் அடகும் மிகுந்திருக்கும். பகுத்தறியும் திறனை அளக்கும் சோதனைகளை, அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே விவசாயிகளுக்கு அளித்தபோது, பின்னர் பெற்ற மதிப்பெண்களே உயர்ந்திருந்தன. ஆளும் அறிவும் ஒன்றே. கையிலிருந்த பணமும் மனத்திலிருந்த சுமையுமே மாறியிருந்தன.

ஓர் ஆய்வைக் கொண்டு அனைத்தையும் முடிவு கட்டிவிட இயலாது. எனினும், பணக் கவலை சிந்தனையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பதும், தெளிவு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அத்தெளிவு குன்றுகிறது என்பதும் நாம் அன்றாடம் காணும் உண்மைகளே. ஆகவே கடன்பட்டவருக்கு அறிவுரையைக் காட்டிலும், மனத்தின் பளுவைத் தாளுக்கு மாற்றும் எளிய முறையே பெரிதும் பயன்படும்.

பட்டியல் காட்டும் உண்மை

அந்த ஊழியரை அமரவைத்துக் கடன்களை ஒரு தாளில் எழுதச் செய்தோம். முழு எண்களில் கூறினால், பட்டியல் இவ்வாறு அமைந்தது: கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் 1,00,000 ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, நகைக்கடன் 50,000 ரூபாய், 12 சதவீத வட்டி, கடன் அட்டை நிலுவை 30,000 ரூபாய், மாதத்திற்கு மூன்றரை சதவீதம், தனியாரிடம் கைமாற்றாகப் பெற்றது 20,000 ரூபாய், ‘மூன்று வட்டி’.

மூன்று வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். மூன்றரை என்பது 42 சதவீதம். வட்டிக்கு வட்டி சேருமாயின் 51 சதவீதத்தையும் எட்டும். மாதக் கணக்கில் சொல்லப்படும்போது வட்டி சிறிதாகத் தோன்றுகிறது. இத்தோற்றமே பலரை ஏமாற்றுகிறது.

நான்கு கடன்களுக்கும் மாத வட்டி முறையே 750, 500, 1,050, 600 என மொத்தம் 2,900 ரூபாய். கடைசி இரண்டு கடன்களும் மொத்தக் கடனில் கால் பங்கே. ஆனால் வட்டியில் அவை பாதிக்கு மேல் விழுங்கின. நண்பரோ, தொகை பெரிதென்று அஞ்சி, கையில் கிடைத்ததையெல்லாம் சங்கக் கடனுக்கே செலுத்தி வந்தார். அந்த 50,000 ரூபாயையும் சங்கத்தின் 9 சதவீதக் கடனாக மாற்றியபோது, அதற்கான வட்டி 1,650 ரூபாயிலிருந்து 375 ரூபாயாகக் குறைந்தது. ஆண்டுக்கு 15,300 ரூபாய் மிச்சம். கடன் அட்டையை மீண்டும் பயன்படுத்தாமல் திருப்பி ஒப்படைத்ததால்தான் இம்மாற்றம் பலன் தந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், நான்கு கடன்கள் ஐந்தாகியிருக்கும்.

மறைப்பதால் வரும் கேடு

அரசு ஊழியர் கடனை மறைப்பதற்கு நாணம் மட்டும் காரணமன்று. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964-இன் 17-ஆம் விதி, வழக்கமாகக் கடன்படும் நிலையையும் நொடிப்பையும் ஊழியர் தவிர்க்க வேண்டும் என்கிறது. இவ்விதியைக் கேள்வியுற்றுப் பலர் அஞ்சுகின்றனர். ஆயின் முறையாகக் கடன் பெறுவதை அது குற்றமாக்கவில்லை. கடன் வசூலுக்காகத் தம்மீது வழக்குத் தொடரப்பட்டால் அதன் முழு விவரங்களையும் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே அது கூறுகிறது. வெளிப்படுத்துவது காப்பாகவும் மறைப்பது கேடாகவும் முடிகின்றன.

சட்டம் தரும் பாதுகாப்பு

அறியாமை அச்சத்தைப் பெருக்குகிறது. கடனாளிக்குச் சட்டம் சில எல்லைகளை வகுத்துள்ளது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடன் தீர்ப்புக்காகச் சம்பளத்தைப் பற்றுகை செய்யும்போது முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடலாகாது. இக்கணக்குக்குரிய சம்பளம் 40,000 ரூபாயாயின், 27,000 ரூபாய் குடும்பத்திற்கே உரியது. அரசு ஓய்வூதியமும் வருங்கால வைப்பு நிதியும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை. சமையல் பாத்திரங்களும் அவ்வாறே.

கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னரும் இரவு 7 மணிக்குப் பின்னரும் கடனாளியை அழைக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வங்கிச் சேவை பற்றிய முறையீடுகளைக் கட்டணமின்றி விசாரிக்க 2021-இல் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தையும் அது ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-இலேயே இயற்றப்பட்டது.

செய்யத்தக்கவை

முதலாவது, கடன்கள் அனைத்தையும் ஆண்டு வட்டி வீதத்துடன் எழுதி, குடும்பத்தாருக்குக் காட்டுதல். இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாது செலுத்தி, எஞ்சுவதை மிகுந்த வட்டியுள்ள கடனுக்குச் செலுத்துதல். மூன்றாவது, சிறுதொகையாயினும் சம்பளத்திலிருந்தே சேமிப்புக்குப் பிடித்தம் செய்ய ஏற்பாடு செய்தல். எதிர்பாராத மருத்துவச் செலவு புதிய கடனாக மாறாமல் இது காக்கும். நான்காவது, உறக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் நீடித்தால் மருத்துவ உதவி நாடுதல். இதற்கென மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். கடனைத் தீர்க்க வழியுண்டு. உயிரை இழந்தால் மீட்க வழியில்லை.

வருமானமே போதாத குடும்பத்திற்குக் கணக்குத் தாள் மட்டும் சோறிடாது என்பது உண்மையே. அங்கே கூலி உயர்வும், காப்பீடும், மலிவான கடன் வசதியும் தேவை. அவை அரசின் கடமைகள். ஆனால் இருக்கும் வருமானம் வட்டியாய்க் கரைவதைத் தடுக்கும் அறிவு எல்லோருக்கும் உரியது. புதிதாகப் பணியேற்போருக்கு அலுவலக நடைமுறைகளைக் கற்பிக்கும் நாம், வட்டி கணக்கிடவும் அரை நாள் கற்பிக்கலாம்.

அந்த நண்பரின் கடன் தீர நான்கு ஆண்டுகளாயின. கோப்புகளில் பிழைகள் குறைந்ததோ, பட்டியலை எழுதி மனைவியிடம் காட்டிய சில வாரங்களிலேயே. ஒழுங்கு நடவடிக்கைக்கென எடுத்து வைத்திருந்த கோப்பைப் பின்னர் மூடிவிட்டோம். இன்று அதனை எண்ணும்போது, குறிப்பாணை அனுப்பும் முன் அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது.