பெட்ரோல் காரா? டீசல் காரா?

அரைக் கோடி ரூபாய் கொடுத்து ஒரு சொகுசுக் கார் வாங்குகிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள். இருக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள். பாட்டைப் போட்டுக் கேட்கிறார்கள். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். என்ஜின் பெட்ரோலில் ஓட வேண்டுமா? டீசலில் ஓட வேண்டுமா?

உயரமும் அகலமுமாக, மேடு பள்ளம் பாராமல் ஓடும் காருக்கு "எஸ்.யு.வி." என்று பெயர். இந்த வகைக் காரில் என்ஜினைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் லட்சக்கணக்கில் பணம் வீணாகும். வண்டியும் அடிக்கடி பட்டறைக்குப் போகும்.

பொறியும் சூடும்

பெட்ரோல் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து இருக்கும். "பிளக்" என்ற சிறு கருவி மின்பொறியை விடும். உடனே பெட்ரோல் எரியும்.

டீசல் என்ஜினில் இந்தப் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடும் அல்லவா? காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். டீசல் என்ஜினில் காற்றைச் சுமார் 15-ல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியதும் அது தானாகவே தீப்பிடிக்கும்.

இந்த என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். 1893-ல் காப்புரிமை பெற்றார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது அவர் மாயமாய் மறைந்தார். பெயர் மட்டும் மறையவில்லை. என்ஜினுக்கும் எண்ணெய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இழுக்கும் சக்தி

இந்த வகை கார் ஒன்றின் எடை சுமார் 2 ஆயிரம் கிலோ. அதில் குடும்பமே ஏறும். பெட்டி படுக்கையும் ஏறும். ஆகவே இழுக்கும் சக்தி முக்கியம்.

டொயோட்டா பார்ச்சூனர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் இந்தியாவில் வந்த புதிய மாடலில் பெட்ரோல் என்ஜினின் இழுக்கும் சக்தி 245 நியூட்டன் மீட்டர். தானே கியர் மாறும் டீசல் காரிலோ 500! இரண்டு மடங்குக்கும் மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு ஏறும்போது இதன் அருமை தெரியும்.

பெட்ரோல் என்ஜினுக்கும் தனிச் சிறப்பு உண்டு. சத்தம் குறைவு. அதிர்வு குறைவு. பெரும்பாலும் காரின் விலையும் குறைவு.

கணக்குப் போடுங்கள்

கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 91 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் ஓடுகிறது. டீசல் கார் 13 கிலோ மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் கிலோ மீட்டருக்குப் பெட்ரோல் செலவு 10 ரூபாய். டீசல் செலவு 7 ரூபாய். மிச்சம் 3 ரூபாய்.

டீசல் கார் ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்றால், 50 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால்தான் அந்தப் பணம் திரும்பும். மாதம் 2 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடுகிறவருக்கு 25 மாதம் போதும். மாதம் 500 கிலோ மீட்டர் ஓடுகிறவருக்கோ 8 ஆண்டுக்கு மேல் ஆகும்!

புகை வடிகட்டி

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் "பி.எஸ்.6" என்ற கடுமையான புகை விதி வந்தது. அதனால் புதிய டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பல கார்களுக்கு யூரியா கலந்த நீரும் ஊற்ற வேண்டும்.

வடிகட்டியில் சேரும் கரி, புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் எரிந்து போகும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால் சூடேறும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் போய் வந்தால் சூடேறாது. கரி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் வடிகட்டியையே மாற்ற நேரிடும். அதற்குச் செலவு அதிகம்.

டெல்லியில் நடந்தது

2015 டிசம்பரில், 2 ஆயிரம் சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை டெல்லி வட்டாரத்தில் பதிவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. பெரிய சொகுசுக் கார்கள் பல இதில் அகப்பட்டன. 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது. ஆனால் விலையில் 100-க்கு 1 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது.

10 ஆண்டு ஓடிய டீசல் காரும், 15 ஆண்டு ஓடிய பெட்ரோல் காரும் அங்கே ஓடக் கூடாது என்று 2018-ல் உத்தரவு வந்தது. 2025-ல் இந்த விதி மேலும் மாறியது. ஆகவே டீசல் கார் வாங்குகிறவர்கள் தங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு காரை விற்கும்போது கிடைக்கும் விலையும் அதைப் பொறுத்ததே.

யாருக்கு எது?

தினமும் நெடுந்தூரம் போகிறவர், அடிக்கடி மலை ஏறுகிறவர், பாரம் ஏற்றுகிறவர் டீசல் கார் வாங்கலாம். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர், கார் பெரும்பாலும் வீட்டில் நிற்கும் குடும்பத்தார் பெட்ரோல் கார் வாங்குவதே லாபம்.

கடைக்காரர் தம்மிடம் இருக்கும் காரைத்தான் புகழ்வார். நீங்கள் ஒன்று செய்யுங்கள். இப்போது இருக்கும் வண்டி ஒரு மாதத்தில் எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு காசை எண்ணுங்கள்!