கார்பைடு வலுவூட்டிய உயர் எண்ட்ரோப்பி உலோகக்கலவைப் பூச்சு

கார்பைடு வலுவூட்டிய உயர் எண்ட்ரோப்பி உலோகக்கலவைப் பூச்சு என்பது, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உலோகங்களை ஏறத்தாழச் சம அளவில் கலந்து பெறும் உலோகக்கலவையினுள் கடினமான கார்பைடுத் துகள்களைப் பொதித்து, இயந்திர உறுப்புகளின் மேற்பரப்பில் இடப்படும் பாதுகாப்புப் படலம் ஆகும். தேய்மானத்தைக் குறைப்பதே இதன் முதன்மை நோக்கம்.

பின்னணி

வழமையான உலோகக்கலவைகளில் இரும்பு, அலுமினியம் போன்ற ஒரு தனிமமே பெரும்பங்கு வகிக்கும். இம்மரபிலிருந்து விலகிய கலவைகளைப் பற்றித் தாய்வானின் யே சியென்-வெய் குழுவினரும் பிரித்தானியாவின் பிரையன் காண்டர் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் தனித்தனியே ஆய்வுகளை வெளியிட்டனர். யேயின் வரையறைப்படி, ஒவ்வொரு முதன்மைத் தனிமத்தின் அளவும் 5 முதல் 35 அணுவிழுக்காடு வரை இருத்தல் வேண்டும். ஐந்து தனிமங்கள் சம அளவில் இருப்பின், கலப்பின் எண்ட்ரோப்பி வளிம மாறிலியின் 1.61 மடங்காகும்.

கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீசு, நிக்கல் ஆகியவை சேர்ந்தது காண்டர் கலவை எனப்படும். முகமையக் கனசதுரப் படிக அமைப்புடைய இது, நீர்ம நைதரசனின் கடுங்குளிரிலும் எளிதில் முறிவதில்லை. எனினும் இது மென்மையானது. இதன் விக்கர்சு கடினத்தன்மை பொதுவாக 200ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே உராயும் இடங்களில் விரைந்து தேய்கிறது. கார்பைடுகள் இக்குறையை நீக்கவே சேர்க்கப்படுகின்றன.

தேய்வெதிர்ப்பு

ஆர்ச்சார்டு 1953இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, தேய்ந்து நீங்கும் பொருளின் கனவளவு சுமைக்கும் வழுக்கும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கார்பைடுத் துகள்கள் சுமையைத் தாங்குகின்றன. மணல் போன்ற கூரிய துகள்கள் பரப்பை உழுது செல்வதைத் தடுக்கின்றன. உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பெயர்வதையும் குறைக்கின்றன.

ஆயினும் கடினத்தன்மை மட்டும் போதாது. கார்பைடுகளுக்கு இடைப்பட்ட வெளியைவிடத் தேய்க்கும் மணல் சிறிதாயின், இடையிலுள்ள மென்கலவை முதலில் அரிக்கப்படும். பிடிமானம் இழந்த கார்பைடுகள் உதிர்ந்து, தாமே தேய்க்கும் துகள்களாக மாறுகின்றன. எனவே துகளின் அளவு, இடைவெளி, கலவையுடனான பிணைப்பு ஆகியவையும் முக்கியமானவை.

கார்பைடு வகைகள்

காண்டர் கலவையின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். டைட்டேனியம் கார்பைடு (4.9 கிராம்) உருகிய கலவையில் மேலெழ முனைகிறது. டங்சுட்டன் கார்பைடு (15.6 கிராம்) அடியில் படிய முனைகிறது, அன்றியும் அது ஓரளவு கரைந்து, நொறுங்கத்தக்க புதிய கார்பைடுகளை உருவாக்கும். நையோபியம் கார்பைடு (7.8 கிராம்) கலவைக்கு நெருங்கிய அடர்த்தியுடையதாதலால், சீரான பரவலுக்கு ஏற்றது. டைட்டேனியத் தூளையும் கரித்தூளையும் சேர்த்து உருக்கி, பூச்சினுள்ளேயே டைட்டேனியம் கார்பைடை உருவாக்கும் முறையும் உண்டு. இவ்வாறு உருவாகும் துகள்கள் நுண்ணியவை. கலவையுடன் நன்கு பிணைந்தவை.

செய்முறை

லேசர் கொண்டு தூளை உருக்கிப் படிய வைக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. அடியுலோகத்தின் மேற்பரப்பும் சிறிது உருகுவதால் பிணைப்பு உறுதியாகிறது. ஆனால் அடியுலோகம் மிகுதியாகக் கலந்தால் பூச்சின் இயைபு மாறிவிடும். பிளாசுமாத் தெளிப்பு முறையில் இக்கலப்பு குறைவு. எனினும் நுண்துளைகளும் ஆக்சைடுகளும் தங்கிவிடக்கூடும்.

வரம்புகளும் முக்கியத்துவமும்

கார்பைடின் அளவு கூடக்கூடப் பூச்சு நொறுங்கும் தன்மை பெறுகிறது. விரைந்து குளிர்வதால் ஏற்படும் எச்சத் தகைவு விரிசல்களைத் தோற்றுவிக்கும். மேலும், கடினமான பூச்சு தன்னோடு உராயும் எதிர் உறுப்பைத் தேய்த்துவிடக்கூடும். எனவே இரு உறுப்புகளின் தேய்மானத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கடினக் குரோமிய முலாம் பூச்சில், புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் கையாளப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் குரோமியம் மூவாக்சைடைப் பயன்படுத்த முன்னனுமதி தேவையாயிற்று. முலாம் பட்டறைத் தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் மாற்று வழிகளுள் ஒன்றாக இப்பூச்சுகளும் ஆராயப்படுகின்றன. கோபால்ட்டின் விலையும் அதன் தூளினால் விளையும் நலக்கேடும் கருதி, கோபால்ட் இல்லாத கலவைகளும் ஆய்வில் உள்ளன.