டோனட்டில் ஸ்கோர் 1,000... ஆனா அந்த மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியை நம்பலாமா?

``கறுப்பு பிரா போட்டா கேன்சர் வருமாம்... ஆராய்ச்சியில நிரூபிச்சிட்டாங்களாம்!"

அக்டோபர் பிறந்தாலே மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மா இப்படி ஒரு ஃபார்வேர்டு அனுப்பிடுவாங்க. (உள்ளாடை நிறத்துக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை மக்களே.) இது கட்டுக்கதை. ஆனா, நிஜ ஆராய்ச்சிகளும் இப்படித்தான் ஷேர் ஆகுது. எது எவ்வளவு ஷேர் ஆகுதுன்னு எண்ணுறதுக்கே ஒரு கணக்கு இருக்கு. பேரு, ஆல்ட்மெட்ரிக்ஸ்.

முன்பெல்லாம் ஒரு ஆய்வுக் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அது தெரியவே வருஷங்கள் ஆகும். 2011-ல் தொடங்கப்பட்ட ஆல்ட்மெட்ரிக் நிறுவனம், செய்தி, ட்வீட், வலைப்பதிவு எல்லாத்தையும் எண்ண ஆரம்பிச்சது. ஆய்விதழ்களின் தளத்தில் கட்டுரைக்குப் பக்கத்துல கலர் கலரா ஒரு டோனட் பார்த்திருப்பீங்களே, அது இவங்க வேலைதான். சிவப்புன்னா செய்தி, மஞ்சள்னா வலைப்பதிவு. நடுவுல இருக்கிற நம்பர்தான் ஸ்கோர்.

சிக்கல் என்னன்னா, ``இது தப்பான ஆராய்ச்சி"னு ஆயிரம் பேர் திட்டினாலும் அந்த நம்பர் ஏறும்!

ஒரு உதாரணம். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ-1 மரபணு கண்டறியப்பட்டது 1994-ல். ஊரே அதைப் பற்றிப் பேசியது, 2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி நியூயார்க் டைம்ஸில் தன் அறுவை சிகிச்சை பற்றி எழுதிய பிறகுதான். அடுத்த 15 வேலைநாள்களில் அமெரிக்காவில் அந்த மரபணு டெஸ்ட் 64 சதவிகிதம் எகிறியது. ஆனா, டெஸ்ட் எடுத்தவர்களில் மார்பகத்தை அகற்றிக்கொண்டவர்களின் விகிதம் குறைஞ்சது. அதாவது, ஓடிவந்தவங்கள்ல பலருக்கு அவ்வளவு ரிஸ்க்கே இல்லை போல.

சத்தமில்லாம நடக்கிற வேலையும் இருக்கு. நம்ம அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1980-களில் இருந்தே சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்குது. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் தகவல் சேர்க்கணும். சலிப்பான வேலை, எந்தக் காலத்திலும் வைரல் ஆகாது. ஆனா, அப்போ சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைஞ்சு, மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்ததை நமக்குச் சொன்னது அந்தப் பதிவேடுதான்.

சரி, `ஆராய்ச்சியே நிறைய வந்தா நல்லதுதானே?' பப்மெட் தளத்தில் `பிரெஸ்ட் கேன்சர்'னு டைப் பண்ணுங்க. வருஷவாரியா எத்தனை கட்டுரைன்னு பார் சார்ட் வரும், மளமளன்னு ஏறியிருக்கும். அதில் எலிக்குச் செய்த சோதனையும் ஒண்ணு, லட்சம் பெண்களிடம் செய்த ஆய்வும் ஒண்ணு. அதனால ஸ்கோரைப் பார்த்ததும் ஷேர் பண்ணாம, அதைக் கிளிக் பண்ணி யார் பேசுறாங்க, என்ன பேசுறாங்கன்னு பாருங்க. யார் மேல சோதிச்சாங்க, எத்தனை பேர் மேலங்கிறது கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கும்.

பெரியம்மாவுக்குப் பதிலா நான் அனுப்பினது 2021-ல் பி.எம்.ஜே இதழில் வந்த மும்பை டாடா மெமோரியல் ஆய்வு. ஒன்றரை லட்சம் பெண்கள், 20 வருஷம். மேமோகிராம் இல்லை; பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதிச்சாங்க. நோய் முன்கூட்டியே தெரிஞ்சது. 50 வயசும் அதுக்கு மேலயும் இருந்தவங்ககிட்ட மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறைவு. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியலை.

``ஏண்டி, இதை எங்க போய்ப் பார்க்கணும்?"னு உடனே போன் வந்துச்சு. 30 வயசு தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமா பார்க்கிறாங்கன்னு சொன்னேன்.

``அப்ப நீயும் வா. உனக்கும் 32 ஆச்சே!"